தேவாலய மண்டபத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி

மானிப்பாய்ப் பக்கத்தில் கிறிஸ்தவக் குழு ஒன்று நடத்தும் சேமிப்புச் சங்கத்தைப் பற்றி உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். காசு பத்திரமா என்பது ஒரு கேள்வி. கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றுவார்களா என்பது அடுத்த கேள்வி, அதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் சைவக் குடும்பத்துப் பெண். அந்தச் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்ந்து ஒரு வருடம் ஓடும் முழுச் சுற்று ஒன்றை முடித்துப் பங்குக் காசும் வாங்கிவிட்டேன். ஓய்வு பெறும்வரை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் கணக்கெழுதியவள் என்பதால் கொப்பியைக் கண்டால் முதலில் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேமிப்பதற்காக என்றால் தாராளமாகச் சேருங்கள். பெரிய கடன் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு என்றால் வேண்டாம். இந்தக் குழு அடுத்ததாகத் தொடங்க நினைக்கும் வங்கியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது. அது பின்னால் வரும்.

குழுவில் இருப்பவர்கள் கனடாவில் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற நம் ஊர்க்காரர் ஒருவர், கொழும்பிலிருந்து வந்து போகும் கணக்காளர் தம்பி ஒருவர், வெளிநாட்டுத் தம்பதி, அப்புறம் இங்குள்ள போதகர். அவர்கள் வந்த நோக்கம் சேமிப்புப் பெட்டி வைப்பதில்லை. வடக்கில் கிராமத்துக்குக் கிராமம் சின்னச் சின்ன வங்கிகள் தொடங்க வேண்டும், முதலில் வலிகாமம், பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றுதான் திட்டம் போட்டு வந்தார்கள். சட்டத்தைப் படித்துப் பார்த்ததும் அது உடனே நடக்கிற காரியமில்லை என்று தெரிந்தது. அதுவரை சனங்கள் சேமிக்கப் பழகட்டும் என்று இந்தப் பெட்டியை வைத்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்த வேலைகளில் மிகச் சிறந்தது இதுதான்.

கூட்டம் சனிக்கிழமை பின்னேரம். தேவாலயத்துக்குப் பின்பக்க மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். ஒரு குழுவில் இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நடுவில் மேசை, மேசையில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் மூன்று ஆமைப்பூட்டுகள். மூன்று திறப்புகளும் மூன்று வேறு வீடுகளில் இருக்கும். பெட்டி நாலாவது வீட்டில் இருக்கும். மூன்று திறப்புகளில் ஒன்று வராவிட்டாலும் பெட்டி திறபடாது. ஒருமுறை அப்படியே நடந்தது. திறப்புக்காரி அக்காவின் மகனுக்குக் காய்ச்சல், ஆள் வரவில்லை. பூட்டை உடைப்போம் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் விடவில்லை. அக்காவின் வீட்டுக்கு ஒரு பிள்ளை சைக்கிளில் போய்த் திறப்பை எடுத்து வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். விதி எழுதிய கொப்பி எல்லாச் சங்கத்திலும் இருக்கும். அவசரத்திலும் அந்த விதியை விட்டுக்கொடுக்காத சங்கத்தைப் பார்ப்பது அரிது.

ஒரு பங்கு 500 ரூபா. ஒரு கூட்டத்தில் குறைந்தது ஒரு பங்கும் கூடியது ஐந்து பங்கும் போடலாம். காசைக் கொடுத்ததும் உங்கள் கொப்பியில் பங்குக்கு ஒரு சீல் அடிப்பார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். சீல்களை விரலால் எண்ணித் தன் காசு எவ்வளவு என்று யார் உதவியும் இல்லாமல் சொல்லிவிடுவார். கூட்டம் முடியும்போது பெட்டியில் மீதி எவ்வளவு என்று உரத்துச் சொல்லி எல்லோரையும் ஞாபகம் வைத்திருக்கச் சொல்வார்கள். அடுத்த கிழமை பெட்டி திறக்கும்போது அந்தத் தொகையை வட்டத்தில் இருக்கும் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் எண்ணுவார்கள். கணக்குப் புத்தகம் தொலைந்தாலும் இருபது பேருடைய நினைவில் மீதி இருக்கிறது. உண்மையான கணக்காய்வு இதுதான்.

இந்த முறை இந்தக் குழு கண்டுபிடித்ததில்லை. 1991 இல் ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில் கெயார் என்ற தொண்டு நிறுவனம் கிராமத்துப் பெண்களோடு தொடங்கியது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. வெளிக் காசு ஒரு சதமும் உள்ளே வராது. அங்கத்தவர்கள் போட்ட காசுதான் அவர்களுக்கே கடனாகப் போகிறது. வட்டியும் அவர்களுக்கே திரும்புகிறது. வருடக் கடைசியில் பெட்டியை முழுதாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள்.

பங்கோடு சேர்த்து ஆளுக்கு 50 ரூபா சமூக நிதிக்குப் போகும். இது கடனில்லை, உதவி. எங்கள் குழுவில் ஒருவருடைய கணவர் தென்னையிலிருந்து விழுந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிடந்தார். அன்றைக்கே ஓட்டோச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அந்த நிதியிலிருந்து காசு போனது. விண்ணப்பப் படிவமும் கேட்கவில்லை, பிணையாளும் கேட்கவில்லை.

கடன் விஷயம்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது. உங்கள் சேமிப்பின் மூன்று மடங்குவரை கேட்கலாம். மாத வட்டி நூற்றுக்கு ஒன்றரை, அதுவும் மிச்சமிருக்கும் முதலுக்கு மட்டும். 30,000 ரூபா வாங்கி மாதம் 5,000 படி ஆறு மாதத்தில் கட்டினால், முதல் மாதம் வட்டி 450, அடுத்தது 375, பிறகு 300 என்று இறங்கி மொத்தம் 1,575 ரூபா. அந்த 1,575 உம் வெளியே எங்கும் போகாது, அதே பெட்டிக்குள் விழும்.

ஆனால் எதற்குக் கடன் என்று வட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சிலருக்கு இது கூச்சம். தையல் மெசினுக்கு மோட்டார் பூட்ட வேண்டும் என்று கேட்ட பிள்ளைக்குக் கேள்வியே இல்லாமல் கிடைத்தது. இன்னொருவர் மகளின் சாமத்திய வீட்டுக்கு என்று கேட்டார். அன்றைக்கு நடந்தது பெரிய கதை. மண்டபக் காசு, வீடியோக்காரர், பந்தல், சாப்பாடு என்று கணக்கு நீண்டுகொண்டே போனது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. வயதான ஒரு மாமி மட்டும், "பிள்ளை, வீட்டு முற்றத்தில் செய்தால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். இரண்டு பேர் சமையலுக்கு வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் தன் வீட்டுப் பந்தல் தகரத்தைத் தருவதாகச் சொன்னார். கடைசியில் கேட்ட தொகையில் பாதியைக்கூட அவர் வாங்கவில்லை. வங்கியின் கவுண்டருக்குப் பின்னால் இருந்த காலத்தில் நகையைக் கையில் வைத்துக்கொண்டு அழுத எத்தனையோ தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். என்னால் அடைவுச் சீட்டு எழுதத்தான் முடிந்தது. முற்றத்தில் பந்தல் போட்டுக் கொடுக்க முடியவில்லை.

இப்போது கிழமைக் கடனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2009 இல் போர் முடிந்து பாதை திறந்ததும் யாழ்ப்பாணத்துக்கு வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வரிசையாக வந்தன. வீடு உடைந்து, தொழில் இல்லாமல், பல வீடுகளில் ஆண் துணையும் இல்லாமல் இருந்த பெண்களிடம்தான் வாசலுக்கே வந்து கடன் கொடுத்தார்கள். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நிறுவனத்தில் 50,000 ரூபா வாங்கினாள். கிழமைக்கு 1,250 படி 52 கிழமை. மொத்தம் 65,000. "முப்பது வீதம்தானே அக்கா" என்றாள். இல்லை. அவள் கையில் 50,000 ரூபா ஒரு வருடம் முழுவதும் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே குறைந்துகொண்டு வந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் வருட வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது. படிவக் காசு, காப்புறுதி என்று முதலிலேயே வெட்டியதைச் சேர்த்தால் இன்னும் கூடும். தவணைக்குக் காசு இல்லாத கிழமைகளில் வசூலிக்க வந்த பையன் இருட்டும்வரை அவள் வீட்டுப் படலையில் நின்றான். அதைக் கட்ட இன்னோர் இடத்தில் கடன், அதைக் கட்ட மற்றோர் இடத்தில் கடன்.

இது ஒரு ஒழுங்கையின் கதை மட்டுமில்லை. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம்வரை போவதாகச் சொன்னார். வசூலிக்க வருபவர்கள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதையும் எடுத்துச் சொன்னார். அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்டமுடியாமல் போன நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. நிதிக் கொம்பனிகளின் நுண்கடனுக்கு வருடம் 35 வீதம் என்று மத்திய வங்கி உச்ச வரம்பும் போட்டது. வரம்பே 35 என்றால் அதற்கு முன் எங்கே நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

சமயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கூட்டம் ஒரு சிறு ஜெபத்தோடு தொடங்கும், சில நாள் ஒரு பாட்டும் இருக்கும். விரும்பாதவர்கள் அது முடிந்த பிறகு உள்ளே வரலாம், அதற்குத் தண்டப்பணம் இல்லை. நான் உள்ளேயே இருப்பேன், எழுந்து நிற்பேன், பாட மாட்டேன். என் நெற்றியில் திருநீறு இருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் குழுவில் சரிபாதிப் பேர் சைவர்கள். கடன் கொடுப்பதிலோ சமூக நிதியிலோ வேறுபாடு காட்டியதாக நான் கொப்பியில் தேடியும் காணவில்லை. தேடினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

ஒரு முறை தொண்டர் ஒருவர், கடன் கேட்ட பிள்ளை கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு துண்டுப்பிரசுரத்தையும் கையில் கொடுத்தார். காசு தேவைப்படுகிற நேரத்தில் அதைக் கொடுப்பது முறையில்லை என்று நான் போதகரிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அது இனி நடக்காது என்றார், பிறகு நடக்கவும் இல்லை. அந்தப் போதகரிடம் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். வட்டுக்கோட்டையில் செமினரி, உடுவிலில் பெண்கள் பாடசாலை, மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தொடங்கிய மருத்துவப் பணி என்று எத்தனையோ நல்லவை கிடைத்தன. அவற்றோடு மதமும் சேர்ந்தே வந்தது. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர்தான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிமார் நடத்திய விதத்தைப் பார்த்து, நல்லதை எடுத்து, எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளிக்கூடம் என்று கட்டினார். இந்தச் சேமிப்புப் பெட்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மூன்று பூட்டுப் போட்ட பெட்டிக்கும் ஒரு சீலுக்கும் எந்தச் சமயமும் தடையில்லை. நம் கோயில் மடங்கள் கிழமை நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் சேர்க்கத் தெரிந்த தர்மகர்த்தா சபைகள் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மண்டபத்தைத் திறந்துவிட்டால் போதும். எங்கள் ஊர்க் கோயிலில் இதைப் பற்றிக் கதைத்திருக்கிறேன், இன்னும் கதைப்பேன்.

சரி, வங்கி விஷயம். போன வருடம் பழைய கூட்டுறவு ஆட்கள் சிலரை அழைத்துக் குழுவினர் தங்கள் திட்டத்தை விளக்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் நன்கொடையாளர்கள் முதல் தரத் தயார். முதலில் ஒரு கொம்பனி பதிவு செய்து, 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுத்து, கிராமங்களில் கடன் கொடுப்பது. வளர்ந்த பிறகு வங்கியாக மாறுவது. பேசியவர் கனடாக்காரர். கையில் கொடுத்த காசைப் பெருக்கிய வேலைக்காரரைப் பற்றிப் பைபிளில் வரும் தாலந்து உவமையை எடுத்துச் சொன்னார், மனமுருகிப் பேசினார். அந்த மனிதரின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. தன் ஓய்வூதியத்தில் இங்கே வந்து வெயிலில் திரிகிறவர்.

ஆனால் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த நாட்டில் வணிக வங்கி தொடங்க மத்திய வங்கி கேட்கும் முதல் 20 பில்லியன் ரூபா, அதாவது 2,000 கோடி. அதை விட்டுவிடுவோம். கொம்பனியாகக் கடன் கொடுப்பதிலேயே ஆபத்து இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கோடி ரூபா வந்தால் அது சும்மா இருக்கக் கூடாது, வெளியே போக வேண்டும். போக வைப்பதற்கு ஆட்களைச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டும். அவர்களுக்கு மாத இலக்கு வைக்க வேண்டும். அந்தச் சம்பளமும் அலுவலக வாடகையும் வட்டியிலிருந்து வர வேண்டும், வட்டி ஏறும். இலக்கை எட்ட வேண்டிய பையன் கடைசியில் ஒரு பெண்ணின் படலையில் போய் நிற்பான். அவன் கழுத்தில் சிலுவை தொங்கினாலும் படலையில் நிற்பது நிற்பதுதான். எங்கள் குழுவில் வயதான கிறிஸ்தவ அம்மா ஒருவர் அன்றைக்குப் பின்வரிசையில் இருந்தார். ஏழைக்குக் கொடுத்த காசுக்கு வட்டி வாங்கக் கூடாது என்று பைபிளின் யாத்திராகமத்திலும் இருக்கிறதே ஐயா என்று மெதுவாகக் கேட்டார். கனடாக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் அங்கே சொன்னது கூட்டுறவுப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த கதையை. ஜெர்மனியில் ரைபைசன் என்று ஒருவர், சின்னக் கிராமங்களின் மேயர், பக்தியுள்ள கிறிஸ்தவர். 1840களின் பஞ்சத்தில் பணக்காரர்களிடம் காசு சேர்த்து ஏழைகளுக்குப் பாண் கொடுத்தார், பிறகு அதே வழியில் கடனும் கொடுத்துப் பார்த்தார். கொடுத்தவர்களின் உற்சாகம் வருடங்கள் போகப் போகக் குறைந்தது. தர்மக் காசில் சங்கம் நிலைக்காது என்று கண்டு, 1864 இல் ஹெட்டஸ்டோர்ப் என்ற இடத்தில் கடன் வாங்குபவரே அங்கத்தவர், அங்கத்தவரே சொந்தக்காரர் என்று மாற்றினார். ஒருவரை ஒருவர் தெரிந்த சின்ன எல்லைக்குள் மட்டும் சங்கம், நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை. அது நிலைத்தது. சென்னை மாகாண அரசாங்கம் ஐரோப்பாவுக்கு அனுப்பிய நிக்கல்சன் 1895 இல் எழுதிய அறிக்கையின் சாரமும் ரைபைசன் போன்ற ஆளைத் தேடுங்கள் என்பதுதான். 1911 இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கனடாவின் கியூபெக்கில் 1900 இல் டெஜார்டான் தொடங்கிய மக்கள் வங்கிகளுக்கும் ஊர்க் கத்தோலிக்கக் குருமார்தான் பெரும் துணை. 1950களில் பீஜியில் சேமிப்புச் சங்கங்களைத் தொடங்கியவர் கேனி என்ற இயேசு சபைக் குரு. இவர்கள் எல்லோரும் சனங்களின் காசைச் சனங்களிடமே விட்டார்கள். கனடாக்காரருக்கு டெஜார்டான் பெயர் நன்றாகத் தெரியும், அந்தப் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து இருந்தார்.

நமக்கும் இது புதிதில்லை. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த வீரசிங்கம் வடக்கின் கூட்டுறவு இயக்கத்துக்கு எவ்வளவு உழைத்தார் என்பதற்கு யாழ்ப்பாண நகரில் அவர் பெயரில் நிற்கும் மண்டபமே சாட்சி. மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே நடத்திய சனங்கள் நாங்கள். போரில் பல சங்கங்கள் கட்டடத்தையும் கணக்குப் புத்தகத்தையும் இழந்தன. 1995 இடப்பெயர்வில் சாவியைப் பூட்டிலேயே விட்டு ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும். சில சங்கங்களில் அரசியல் புகுந்தது, கணக்காய்வு வருடக்கணக்கில் தாமதித்தது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் சட்டம் இருக்கிறது, கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் இருக்கிறது. இந்தச் சேமிப்புக் குழுக்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமாகப் பதியலாம். அங்கத்தவர்களிடமிருந்து மட்டும் வைப்பு எடுத்து அவர்களுக்கு மட்டும் கடன் கொடுக்கலாம். வெளிநாட்டு நண்பர்கள் தரும் காசு கடன் முதலுக்கு வேண்டாம். அதில் கணக்கெழுதப் பிள்ளைகளைப் பயிற்றுவியுங்கள், நல்ல இரும்புப் பெட்டி வாங்குங்கள், கணக்காய்வாளருக்குக் கூலி கொடுங்கள் என்று சொன்னேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்புத் தம்பி கூட்டுறவுச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார், அது எனக்குச் சந்தோஷம்.

குறைகளும் இருக்கின்றன. சுற்று நடுவில் சேமிப்பைத் திருப்பி எடுக்க முடியாது, கடனாகத்தான் எடுக்கலாம். கூட்டம் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. கடைக்குப் போகிற பெண்களுக்குச் சனிக்கிழமை கஷ்டம், ஞாயிறு பின்னேரம் இன்னொரு குழு வைத்தால் நல்லது. ஆண்கள் மிகக் குறைவு, வந்தவர்களும் தண்டப்பணம் கட்டிக் களைத்து நின்றுவிட்டார்கள். கைபேசியில் கணக்கு வைக்க ஒரு செயலி கொண்டுவந்தார்கள், அதில் போன கிழமை மீதியும் பெட்டியில் இருந்த காசும் பொருந்தவில்லை. கொப்பிதான் சரியாக இருந்தது. செயலியைக் கைவிடச் சொல்லியிருக்கிறோம், இன்னும் கைவிடவில்லை.

பெட்டியில் காசு இருந்தால் கள்ளர் வர மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு: சேர்ந்த காசு பெரும்பாலும் அன்றைக்கே கடனாகப் போய்விடும். மீதி பெரிய தொகையானால் மூன்று பேர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் திங்கட்கிழமை போட்டுவிடுவார்கள். வைப்புச் சீட்டை அடுத்த கூட்டத்தில் காட்டுவார்கள்.

இலாபம் எவ்வளவு? போன சுற்றில் 500 ரூபாப் பங்கு 538 ரூபாவாகத் திரும்பியது. ஏழரை வீதம்தானே என்று ஒருவர் முகம் சுளித்தார். பங்குகள் கிழமை கிழமையாகச் சேர்ந்தவை, சராசரியாக அரை வருடம்தான் வேலை செய்தன. வருடக் கணக்கில் பார்த்தால் 15 வீதத்துக்குக் கிட்ட வரும். அது நல்ல வருமானம். விலைவாசி நிலையாக இருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 புரட்டாதியில் விலைகள் முந்திய வருடத்தைவிட 70 வீதமளவு ஏறி நின்றன. அப்படி ஒரு காலம் வந்தால் இந்தப் பெட்டியும் காப்பாற்றாது, நிலையான வைப்பும் காப்பாற்றாது. முழுச் சேமிப்பையும் இங்கே போடாதீர்கள். வீட்டில் நகை இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

புதிய சுற்று தைப்பொங்கல் கழிந்து தொடங்கும். சுற்றின் நடுவில் ஆள் சேர்ப்பதில்லை, ஆகவே மார்கழிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதி ஒன்று, கொப்பிக்கு 100 ரூபா, முதல் பங்குக்கு 500. ஏற்கெனவே இருக்கும் அங்கத்தவர் ஒருவர் உங்களைத் தெரியும் என்று வட்டத்தில் சொல்ல வேண்டும். கிழமைக் கடன் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கட்டி முடிக்க எங்கள் குழுவிலேயே இரண்டு பேருக்குக் கடன் கொடுத்து, தவணையை மாதத்துக்கு மாற்றியிருக்கிறோம், இரண்டு பேரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள்.